தலைப்பிரசவமும் ஒரு சர்ட்டிபிகேட்டும்

வில்லேஜ் ஆபீசர் என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை ஒரு முறை புரட்டினார். பிறகு மேசை மேல் வைத்து ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினார். அந்த விரல் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. மனிதர் கெட்டவர் இல்லை. மேற்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர். நெற்றியில் சந்தனம், பேச்சில் மரியாதை. ஆனால் எனக்கு எரிச்சல் வந்துவிட்டால் எதிராளியின் மரியாதையெல்லாம் கண்ணில் படாது.

“ஜனனம் தமிழ்நாட்டிலாணு. நான் எந்து செய்யும் குட்டி?” என்றார்.

புத்தகத்தில் பிறந்த இடம் என்ற வரியில் என் அம்மாவின் ஊர் இருந்தது. வேலந்தாவளத்திலிருந்து ஆறு மைல், எல்லைக்கு அந்தப் பக்கம், கோயமுத்தூர் ஜில்லா. நான் கேரளத்துக்காரிதான் என்று இவர் ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்தால்தான் டீச்சர் டிரெயினிங்குக்கு மனுப் போட முடியும். மனுவுக்குக் கடைசி நாள் வர இன்னும் மூன்று சந்தைதான் இருந்தது. எங்கள் பக்கத்தில் வாரத்தை அப்படித்தான் எண்ணுவோம். வேலந்தாவளம் மாட்டுச்சந்தை கூடினால் ஒரு வாரம் போயிற்று என்று கணக்கு.

“என்ற தம்பிக ரெண்டு பேத்துக்கும் போன வருசம் இதே மேசைல எழுதிக் குடுத்தீங்களேங்க. நாங்க மூணு பேரும் ஒரே அப்பனுக்குப் பொறந்தவங்கதானுங்க,” என்றேன்.

“அவர் ஜனிச்சது இவிடெ,” என்றார் ஆபீசர். அவரைப் பொறுத்தவரை பேச்சு முடிந்துவிட்டது.

தம்பிகள் இங்கே பிறந்ததும் நான் அங்கே பிறந்ததும் தற்செயல் இல்லை. எங்கள் குடியானவர் வீடுகளில் தலைப்பிரசவம் பெண்ணின் தாய் வீட்டில்தான். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு அழைத்துக்கொண்டு போவார்கள். பிள்ளை பிறந்து ஐந்தாம் மாதம் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். பெண் கொடுக்கல் வாங்கல் பாதிக்கு மேல் எல்லை தாண்டித்தான் நடக்கும். மாநிலம் பிரித்தவர்கள் இதையெல்லாம் கேட்டா பிரித்தார்கள்? அதனால் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு மூத்த பிள்ளை மட்டும் தமிழ்நாட்டில் பிறந்திருக்கும். மற்றதெல்லாம் கேரளத்தில்.

என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வாத்தியார் அப்பாவிடம் பிறந்த ஊர் எது என்று கேட்டிருக்கிறார். அப்பா மாமனார் ஊரைச் சொல்லியிருக்கிறார். இந்த ஊர் என்று சொல்லியிருந்தால் வாத்தியார் எழுதிக்கொண்டிருப்பார், கேட்பார் யாருமில்லை. ஆனால் அப்படிச் சொன்னால், மாமனார் வீட்டில் பெண்ணைத் தலைப்பிரசவத்துக்குக்கூட அழைக்கவில்லை என்று அர்த்தம் ஆகிவிடும். அந்த அவமானத்தை அப்பா தன் மாமனார் வீட்டுக்குச் செய்வாரா? நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தார். ஊரில் எல்லா அப்பன்மாரும் அப்படியே சொல்லியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அம்மா புளி கரைத்த கையோடு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டு அக்கா யோசனை சொன்னாள். மருத்துவச்சியைப் பிடித்து, இங்கேதான் பிரசவம் பார்த்தேன் என்று கைநாட்டு வாங்கிவிடலாமாம்.

“பெத்தவ நானு. எங்க பெத்தேன்னு எனக்குத் தெரியாதா? எங்கண்ணன் ஊட்டுல பெத்தேன். அதை மாத்திச் சொல்ல வேற ஆளைப் பாரு,” என்றாள் அம்மா. அக்கா முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்பா மட்டும் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அம்மாவின் அண்ணனுக்கு, அதாவது என் தாய்மாமனுக்கு, ஒரே மகன். நான் பிறந்த அன்றைக்கே எனக்கும் அவருக்கும் என்று பேசி வைத்தாகிவிட்டது. பத்தாவது முடியட்டும் என்றார்கள், முடிந்தது. தை மாதம் முகூர்த்தம் என்றார்கள். டிரெயினிங் கிடைத்தால் இரண்டு வருஷம் ஹாஸ்டல், அப்புறம் வேலை. கிடைக்காவிட்டால் தை மாதம் நான் மாமன் வீட்டில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருப்பேன். மாமன் மகன் நல்லவர்தான், அவர் மேல் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் கரும்பலகைக்கு முன்னால் சாக்பீஸோடு நிற்க வேண்டும் என்று நான் ஆறாவது படிக்கும்போதே முடிவு பண்ணிவிட்டேன். முடிவு பண்ணிவிட்டால் பண்ணியதுதான். என் குணம் அப்படி.

எங்கள் எம்.எல்.ஏ.வைப் பார்க்க வேண்டுமென்றால் யாரும் அவர் வீட்டுக்குப் போக மாட்டார்கள். சந்தைக்குப் போவார்கள். சட்டசபை நடக்காத வாரங்களில் அவர் தவறாமல் சந்தைக்கு வருவார். மாடு என்றால் மனிதருக்குப் பைத்தியம். ஒரு காளையின் வாயைப் பிளந்து பல்லை எண்ணிக்கொண்டே கிணற்றுக்குக் கரண்டு கேட்டு வந்தவனுக்குப் பதில் சொல்வார். தோளில் தொங்கும் துணிப்பையில் லெட்டர் பேடு இருக்கும். எதைக் கேட்டாலும் உடனே ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்துவிடுவார். ஊரில் பாதி வீட்டுக் கூரையில் அவர் லெட்டர் செருகிக் கிடந்தது. அவற்றில் எத்தனை பலித்தது என்று கேட்டால் சிரிப்பார்கள்.

முதல் சந்தைக்கு நானும் அம்மாவும் போனோம். அவர் ஒரு காங்கேயம் காளையின் வாலைத் தடவிக்கொண்டிருந்தார். நான் சொன்னதில் பாதிதான் காதில் வாங்கியிருப்பார்.

“இதென்ன அம்மிணி பெரிய வெசயம்,” என்று மாட்டின் முதுகு மேலேயே பேடை வைத்து எழுதினார். எழுதும்போது மாடு அசைந்ததில் கையெழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று.

அந்த லெட்டரை வில்லேஜ் ஆபீசர் மரியாதையாகப் படித்தார். மரியாதையாக மடித்தார். அதே ஒற்றை விரலால் திருப்பித் தள்ளினார். எம்.எல்.ஏ. லெட்டர் எழுதினால் ஜனன ஸ்தலம் மாறுமா என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். அதனால் எனக்குக் கோபம் இன்னும் கூடிற்று.

இரண்டாவது சந்தைக்கு அம்மா வரமாட்டேன் என்றாள். அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். எம்.எல்.ஏ. டீக்கடை பெஞ்சில் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தார். லெட்டரை அவர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“இது கடலைக்காய் மடிக்கத்தானுங்க ஆகும். கடைக்காரர்கிட்டக் குடுத்துருங்க,” என்றேன்.

அப்பா என் முழங்கையைக் கிள்ளினார். பெஞ்சில் இருந்தவர்கள் டீ குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். எம்.எல்.ஏ.வின் காது மடல் சிவந்துவிட்டது. பதினேழு வயதுப் பெண்ணிடம் சந்தையில் பேச்சு வாங்க யாருக்குப் பிடிக்கும்? திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். எதற்கும் தயாராகத்தான் நின்றேன். திட்டினால் நானும் இரண்டு சொல்லிவிட்டு வருவது என்று வாயில் வைத்திருந்தேன்.

அவர் லெட்டரையும் அதோடு சேர்த்து மடித்திருந்த என் மனுவையும் எடுத்துப் படித்தார். அன்றைக்குத்தான் விஷயத்தை முழுசாகப் படிக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது.

“உன்ற தம்பிகளுக்குக் குடுத்துட்டானா?” என்றார்.

“குடுத்துட்டாருங்க.”

“உனக்கு மட்டும் இல்லீன்னுட்டான்.”

“நான் மூத்தவளுங்க.”

அவர் டீ டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு பெஞ்சின் மேல் ஏறி நின்றார். சந்தையைப் பார்த்து, “ஏனுங்க, எல்லாரும் ஒரு நிமிசம். உங்கள்ல மூத்த பையனாப் பொறந்தவன், அம்மா ஊட்டுல பொறந்தவன், அந்த ஊடு அந்தப் பக்கம் இருக்கறவன், அத்தனை பேரும் கையைத் தூக்குங்க,” என்று கத்தினார்.

மாட்டைப் பிடித்திருந்தவர்கள் கயிற்றை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைத் தூக்கினார்கள். ஒருத்தர், இரண்டு பேர் என்று எண்ண முடியவில்லை. டீக்கடைக்காரர் கையைத் தூக்கினார். எங்கள் அப்பா கையைத் தூக்கினார், எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அப்போது யாரோ பெஞ்சைக் காட்டினார்கள். எம்.எல்.ஏ.வின் கையும் மேலே இருந்தது.

“அட, நம்ம எம்மெல்லேயே வெளியூர்க்காரருங்களா?” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“அதைத்தான் கேக்கப் போறேன்,” என்று அவர் கீழே இறங்கினார். பார்த்து வைத்திருந்த காளையைக்கூட விலை பேசாமல், அடுத்த பஸ்ஸில் தாலுகா ஆபீசுக்குக் கிளம்பினார். அப்பாவையும் என்னையும் கூடவே ஏற்றிக்கொண்டார்.

தாசில்தார் அறையில் அவர் குரல் உயர்த்தவில்லை. லெட்டர் பேடையும் எடுக்கவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, தானே ஒரு சாதாரண மனுவைத் தன் பெயருக்கு எழுதினார். தான் இந்த மாநிலத்துக்காரன் என்று சர்ட்டிபிகேட் வேண்டும் என்று கேட்டிருந்தார். பிறந்த இடம் என்று பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒரு ஊரை எழுதி நீட்டினார்.

“எனக்குக் குடுப்பீங்களா மாட்டீங்களா? குடுத்தா இந்தப் புள்ளைக்கும் குடுக்கோணும். மாட்டேன்னா எழுதிக் குடுங்க. நான் சட்டசபைல கொண்டுபோய் வாசிச்சுக்கறேன்.”

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பழைய பைல்களை எடுத்துவரச் சொன்னார். சாயங்காலம் வரை இருந்தோம். எம்.எல்.ஏ. எழுந்திருப்பதாயில்லை. மத்தியானம் சாப்பிடப் போகலாம் என்றபோதும் போகவில்லை. லெட்டர் எழுதிக் கொடுத்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போகிற ஆளிடம் இத்தனை பிடிவாதம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அவரிடம் என் கோபம் தீர்ந்தது.

கடைசியில் தாசில்தார் வழி சொன்னார். அப்பன் இந்த மண்ணின் ஆள் என்பதற்கு நில வரி ரசீது இருந்தால் போதும். ஆனால் தாய் பிரசவத்துக்கு மட்டும்தான் அங்கே போனாள், பிள்ளையோடு இங்கேயே திரும்பி வந்துவிட்டாள் என்பதற்குச் சாட்சி வேண்டும். பிள்ளை பிறந்த வீட்டின் பெரியவர் வில்லேஜ் ஆபீசர் முன்னால் வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும். இப்படி வருகிற எல்லா மூத்த பிள்ளைகளுக்கும் இதே முறை என்று எழுதி வாங்கினார் எம்.எல்.ஏ. வில்லேஜ் ஆபீஸ் சுவரில் அந்தக் காகிதம் ஒட்டப்பட்டது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர் அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் வேலைக்குப் போனார்கள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எம்.எல்.ஏ. உற்சாகமாக இருந்தார். “ஆச்சு அம்மிணி. நீ பொறந்த ஊட்டுப் பெரியவர் யாரு?” என்று கேட்டார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தாத்தா போய்ப் பல வருஷம் ஆயிற்று. அந்த வீட்டுப் பெரியவர் என் தாய்மாமன்தான். தை மாதம் என்னை மருமகளாக அழைத்துக்கொண்டு போகக் காத்திருப்பவர். அவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் நான் அவர் வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியும்.

மூன்றாவது சந்தை வந்தது. அதற்கு மறுநாள் மனுவுக்குக் கடைசி நாள். மாமன் ஒரு ஜோடிக் காளையை விற்க ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். கட்டைமீசை, கணுக்கால் வரை புழுதி. அம்மா அன்றைக்கு வந்தாள். தங்கை கேட்டால் அண்ணன் தட்டமாட்டார் என்று நம்பி வந்தாள். நான் வாக்குமூலத்தை ராத்திரியே முத்து முத்தாக எழுதிக் கையில் வைத்திருந்தேன்.

மாமன் முழுக்கக் கேட்டார். காகிதத்தை வாங்கவில்லை.

“என்ற ஊட்டுக்கு வாற மருமவள, நானே கையெழுத்துப் போட்டு அக்கட்டால அனுப்பறதா? ஊருக்குள்ள என்ன பேசுவாங்க? இவன் பையன வேண்டாம்னுட்டுப் போயிட்டா, அதுக்கு இவனே சாட்சிக் கையெழுத்துப் போட்டான்னு பேச மாட்டாங்களா?” என்று அம்மாவிடம்தான் சொன்னார். என் பக்கம் பார்க்கவேயில்லை. அம்மா என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருந்ததே.

நான் வாயைத் திறப்பதற்குள் எம்.எல்.ஏ. வந்துவிட்டார். மாமனின் காளைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு மாமனின் கையைப் பிடித்து, தன் தோளில் கிடந்த துண்டை இரண்டு பேர் கைக்கும் மேலே போட்டார்.

சந்தையில் மாட்டுக்கு விலை பேசுவது அப்படித்தான். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எந்த விரல் எத்தனை நூறு என்பது அவர்களுக்குத் தெரியும், சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. இரண்டு பேரும் தலையோடு தலை சேர்த்து ஏதோ முணுமுணுத்தார்கள். மாமன் தலையை ஆட்டினார். எம்.எல்.ஏ. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு உச்சந்தலை கொதித்துவிட்டது. மூன்று வாரமாக அலைந்து, ஆபீசில் தலை குனிந்து, பஸ்ஸில் நசுங்கி வந்தது இதற்கா? நேரே போய் அந்தத் துண்டைப் பிடித்து உருவினேன்.

“நான் என்ன கெடேரியாங்க? துண்டைப் போட்டு வெலை பேசறீங்க?”

சந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. துண்டுக்கு அடியில் யாரும் யார் விரலையும் பிடித்திருக்கவில்லை. மாமன்தான் எம்.எல்.ஏ.வின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“துண்டைப் போட்டது நானு. கேள்வி கேட்டது அவரு,” என்றார் எம்.எல்.ஏ. மெல்ல. “சந்தைல நாலு பேர் முன்னால அதை வாய் விட்டுக் கேக்க மனுசனுக்குச் சங்கடமா இருக்குதாமா. என்ற பையனப் புடிக்காமத்தான் இந்தப் புள்ள இப்படி ஓடறாளான்னு கேக்கறாரு. அதை எங்கிட்டக் கேட்டா? நீயே சொல்லு.”

என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. துண்டு கையில் இருந்தது, அதை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. மாமன் காளையின் கொம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். சின்ன வயதில் ஒவ்வொரு சந்தைக்கும் எனக்குப் பொரி வாங்கி வந்து கொடுத்த மனிதர். இந்த மூன்று வாரத்தில் ஒரு தடவைகூட நான் அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லவில்லை. ஊரெல்லாம் சொன்னேன். எம்.எல்.ஏ.விடம் சொன்னேன், தாசில்தாரிடம் சொன்னேன். சொல்ல வேண்டியவரிடம் சொல்லவில்லை.

“மாமா, உங்க பையன் மேல ஒரு கொறையும் இல்லீங்க. அவரு எனக்கு வேண்டாம்னு நான் யாருகிட்டயும் சொல்லலீங்க. எனக்கு டீச்சர் ஆகோணுமுங்க. அவ்வளவுதானுங்க,” என்றேன். துண்டை எம்.எல்.ஏ.விடம் நீட்டினேன்.

“முடிச்சுட்டு வந்து கட்டிக்குவயா?” என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்குக் காரியம் முடிந்தது. அம்மா கண்ணாலேயே சொல்லு சொல்லு என்றாள்.

“ரெண்டு வருசம் அவரைக் காக்க வெக்கறது ஞாயமில்லீங்க மாமா. வேற எடத்துல பாருங்க.”

மாமன் காளைக் கயிற்றைக் கொண்டுபோய் முளைக்குச்சியில் கட்டினார். கட்டியதை அவிழ்த்துத் திரும்ப இறுக்கிக் கட்டினார். பிறகு தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஆபீசு எங்க இருக்குது?” என்று எம்.எல்.ஏ.வைக் கேட்டார்.

வில்லேஜ் ஆபீசர் மாமனுக்கு நாற்காலி போடச் சொன்னார். மாமன் உட்காரவில்லை. நான் எழுதிய வாக்குமூலத்தை ஆபீசர் ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொன்னார், நான் படித்தேன். இந்தப் பெண் என் வீட்டில் பிறந்தாள், ஐந்தாம் மாதம் தாயும் பிள்ளையும் திரும்பிப் போனார்கள் என்று எழுதியிருந்தேன். அந்த இடத்தில் மாமன் கையை நீட்டி நிறுத்தினார்.

“போனாங்கன்னு எழுதாதீங்க. நான்தான் தூக்கிட்டு வந்தனுங்க. அன்னிக்கு வண்டி அச்சு முறிஞ்சு போச்சு. தங்கச்சி பின்னால நடந்து வந்தா. நான் புள்ளையத் தோள்ல போட்டுட்டு ஆறு மைலும் நடந்தனுங்க. கொண்டாந்து இவ அப்பன் கையில குடுத்தனுங்க. இவ அந்த ஊட்டுப் புள்ளைதானுங்க. அப்படியே எழுதுங்க.”

இது அதுவரை எனக்கு யாரும் சொல்லாதது. ஆபீசர் அதையும் ஓரத்தில் எழுதிச் சேர்த்துக்கொண்டார். மாமன் எழுத்துக் கூட்டிக் கூட்டித் தன் பெயரைப் போட்டார். அவர் முடிக்கும் வரை எம்.எல்.ஏ. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்.

ஆபீசர் பாரத்தில் கடைசி வரியைத் தேடினார். எல்லாச் சாட்சியையும் கேட்கிற கேள்விதான் அது. பாரத்தைப் பார்த்தபடி, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

“இந்தப் பெண்குட்டியால் உங்களுக்கு ஏதாவது ஆதாயம் உண்டோ?”

“இருந்துச்சுங்க,” என்றார் மாமன். “இப்ப இல்லீங்க.”

ஆபீசர் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு இல்லை என்று மட்டும் எழுதிவிட்டு முத்திரையை எடுத்தார். சர்ட்டிபிகேட் என் கைக்கு வந்தது. மறுநாள் பாலக்காட்டில் மனு கொடுத்தேன், டிரெயினிங்கில் இடமும் கிடைத்தது. ஆனால் அந்த மேசை முன்னால் நின்றபோது எனக்கு ஜெயித்த மாதிரியே இல்லை. மாமனின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல், அவர் கால் புழுதியைப் பார்த்துக்கொண்டே அழுதேன்.